பத்தாவது குண்டு

சைக்கிளின் பின்சக்கர ஹப்பைப் பிரிக்கத் தனித்திறமை எதுவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும், தடுத்துப் பேச வீட்டில் ஆளில்லாத ஒரு மணி நேரமும் போதும். திரும்ப மாட்டுவதுதான் வேறு விஷயம்.

கும்பகோணத்தில் வசிக்கும் நம்மவர், வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்க ஒரு ரூபாய் கூடக் கையிருப்பில் குறைந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அவரிடம் இருப்பது பழைய ஹெர்குலிஸ் சைக்கிள். 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸின் தயாரிப்பு. முன்சக்கரத்தைத் தன் கையாலேயே ஓவராயில் செய்து முடித்த தெம்பில், பின்சக்கரத்திலும் கை வைத்தார்.

முன்சக்கரம் ஒண்டிக்கட்டை என்றால் பின்சக்கரம் கூட்டுக்குடும்பம். ஒரே அச்சின் முனையில் ஸ்டாண்டு, கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி, செயினை இழுத்துப் பிடிக்கும் கொக்கி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நடுநடுவே வாசர்கள் வேறு. எதற்கு அடுத்து எது என்று நம்மவர் ஒரு தாளில் ஒழுங்காகத்தான் எழுதி வைத்தார். அந்தத் தாளை அவருடைய அம்மா வெற்றிலை மடித்து வைக்க எடுத்துக்கொண்டுவிட்டார்.

இடப்பக்கத்து நட்டையும் கோனையும் கழற்றி, அச்சை வலப்பக்கமாக உருவினார். கறுத்துப்போன கிரீஸோடு குண்டுகள் செய்தித்தாளில் உதிர்ந்தன. மண்ணெண்ணெயில் கழுவி எண்ணினார். பதினெட்டு. மறுபடி எண்ணினார். அதே பதினெட்டு.

முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்தாக இருபது இருந்தன. ஆளையும் அரிசி மூட்டையையும் சுமக்கிற பின்சக்கரத்தில் அதைவிடக் குறைவாகவா இருக்கும்? கப்பில் கிரீஸைத் தடவி ஒன்பது குண்டுகளைப் பதித்துப் பார்த்தால், இன்னொன்று உட்காரலாம் போல இடைவெளி தெரிந்தது. சந்தேகமே இல்லை, இரண்டு குறைகிறது.

பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள். தையல் மெஷினை நகர்த்தினார்கள். பேரனின் கோலி டப்பாவைக் கவிழ்த்ததில் அழுகைதான் மிச்சம். குளியலறைச் சாக்கடை வரைக்கும் விசாரணை போனது.

"ஏங்க, பதினெட்டு இருந்தா பதினெட்டைப் போட்டு மூடுங்களேன்" என்றார் வீட்டுக்காரம்மா. அன்றைக்கு அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே சரியான தொழில்நுட்ப யோசனை அதுதான். எனவே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் வழக்கை ஒரே வரியில் முடித்தார்: "முன்னாடி பத்து, பின்னாடி ஒம்போது சார்."

"அதெப்படி? பாரமெல்லாம் பின்னாடிதானே?"

"அதனாலதான் சார் குண்டு பெரிசு."

முன்சக்கரக் குண்டு ஒரு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு; பின்சக்கரக் குண்டு கால் அங்குலம். கேஷியர் எண்ணிக்கையைப் பார்த்தாரே ஒழிய, நாணயத்தின் அளவைப் பார்க்கவில்லை. கப்பில் தெரிந்த இடைவெளியும் வேண்டுமென்றே விடுவதுதான். குண்டுகளை அடைத்து நிரப்பினால் ஒன்றையொன்று நெருக்கி, உருள முடியாமல் இறுகிக்கொள்ளும். நிரம்புகிற அளவுக்கு ஒன்று குறைவு என்பது தொழிலில் உள்ள பழைய கணக்கு. பாரிஸ் நகரத்து ஜூல்ஸ் சூரிரே சைக்கிளுக்குப் பால் பேரிங் காப்புரிமை வாங்கியது 1869இல். அதே ஆண்டு நடந்த பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் அந்தக் குண்டுகள் உருண்ட சக்கரத்தில்தான் ஜெயித்தார். அவர்களுக்கு இந்தச் சாக்கடை விசாரணை தேவைப்பட்டிருக்காது.

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். ஒன்றிரண்டு நிஜமாகவே தொலைந்திருந்தாலும் தேடக்கூடாதாம். எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டுமாம். தேய்ந்த குண்டுகளுக்கு நடுவே புதுசு ஒன்று மட்டும் இருந்தால், பருமனான அதுவே பாரம் முழுவதையும் தாங்கி, கப்பையும் கோனையும் குழியாக்கிவிடும். நம்மவர் பதினெட்டு புதுக் குண்டுகள் வாங்கினார். எண்ணித்தான் வாங்கினார்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். கோனை விரலால் இறுக்கி, கொஞ்சம் பின்வாங்கி, மேலே நட்டைப் பூட்ட வேண்டும். நட்டை முறுக்கும்போது கோனும் கூடவே திரும்பி உள்ளே போய்விடும். அதை அசையாமல் பிடிக்கத் தகடுபோல மெல்லிய ஸ்பானர் வேண்டும்; வீட்டில் இருந்ததோ குழாய் ரிப்பேருக்கு வாங்கிய தடியன். பெட்டகம் பூட்டிப் பழகிய கை வேறு. முறுக்கிய முறுக்கில் சக்கரம் கரகரவென்றது. தளர்த்தினால் லொடலொட. கடைசியில் கடைக்காரரின் ஸ்பானரை இரவல் வாங்கி வந்தபின்தான் வழிக்கு வந்தது. அச்சைப் பிடித்துத் தூக்கிச் சக்கரத்தை மெல்லத் தள்ளிவிட்டால், வால்வின் கனத்துக்கே அது ஊசலாடி, வால்வு அடியில் வந்து நிற்க வேண்டும். நின்றது.

அந்த வெற்றியில் நம்மவரின் பார்வை ஃப்ரீவீல் பக்கம் திரும்பியது. அதற்குள் இருப்பவை அரைக்கால் அங்குலக் குண்டுகள், டஜன் கணக்கில். மூடியின் மரையோ தலைகீழ்; வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். "அதைத் தொட்டீங்கன்னா ராத்திரிக்குச் சோறு கிடையாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஹப்பை நீங்களும் தாராளமாகப் பிரிக்கலாம். ஃப்ரீவீலை மட்டும் கடைக்கு எடுத்துப் போங்கள். முன்னால் பத்து, பின்னால் ஒன்பது என்பதைத் தாளில் எழுதாமல் சுவரில் எழுதி வையுங்கள்.