ஈதர் ஆர் சர்வைவர்

உங்களுக்கு எத்தனை பேங்க் கணக்கு இருக்கிறது என்று கேட்டால், விரல் விட்டு எண்ணாமல் பட்டென்று பதில் சொல்லும் மாதச் சம்பளக்காரர் எவரையும் நான் பார்த்ததில்லை. கணக்கை யாரும் யோசித்துத் தொடங்குவதில்லை. அதுவாகச் சேர்ந்துவிடுகிறது. வேலை மாறினால் சம்பளத்துக்கு ஒன்று. வீட்டுக் கடன் கேட்டுப் போனால், கடன் அப்புறம், முதலில் இங்கே ஒரு கணக்கு என்பார்கள். தங்கை வீட்டுக்காரர் பேங்க்கில் வேலை பார்த்தால் ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒன்று. (31-ஆம் தேதிக்குள் இலக்கு முடியவில்லை என்றால் அவரை ஜார்க்கண்டுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று தங்கை போனில் அழுவாள்.) அப்புறம் அம்மாவும் நானும் சேர்ந்த கணக்கு, மனைவியும் நானும் சேர்ந்த கணக்கு, மனைவி பெயரில் மட்டும் இருக்கிற, நான் வாயைத் திறக்கக்கூடாத கணக்கு.

இவை அத்தனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, வரவு செலவைப் பதிந்து, செக்கையும் அங்கிருந்தே அச்சடித்து எடுக்கும்படி ஒரு டேட்டாபேஸ் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதற்கென்று மென்பொருள் விற்கிறதே என்றான் மகன். தொண்ணூறுகளில் மதுரையில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பணம் கட்டி டிபேஸும் ஃபாக்ஸ்புரோவும் படித்தவன் நான். கட்டிய பணத்தை எங்காவது வசூலித்தாக வேண்டும்.

இன்றைய டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் 1970-ல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளைத்தவை. தகவலை அட்டவணைகளாகப் பிரி. ஒன்றை ஒரே இடத்தில் வை. ஒவ்வொரு வரிசைக்கும் அதை மட்டுமே சுட்டுகிற ஓர் அடையாளம் கொடு. சுருக்கமாகச் சொன்னால் அவருடைய உபதேசம் இவ்வளவுதான். மனுஷர் எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் மொய் மேஜைக்குப் பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டுரையை இன்னும் சீக்கிரம் முடித்திருப்பார். மொய் நோட்டில் வெறும் முருகேசன் என்று எவரும் எழுத மாட்டார்கள். ஊர், தகப்பனார் பெயர், தொழில், அதிலும் தீராவிட்டால் பட்டப்பெயர் என்று, உலகத்தில் அந்த ஒரு முருகேசனைத் தவிர வேறு முருகேசன் வரமுடியாதபடி செய்துவிட்டுத்தான் தொகைக்கே போவார்கள். எத்தனை வருஷம் கழித்துப் புரட்டினாலும் அவர் எவ்வளவு செய்தார், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியிலும் ஆவணியிலும் இதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள். மதுரை, தேனிப் பக்கம் இப்போதெல்லாம் மொய்யையே கம்ப்யூட்டரில் ஏற்றிக் கையோடு ரசீதும் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு இது ரத்தத்தில் உள்ள வித்தை என்ற தைரியத்தில்தான் நானும் இறங்கினேன்.

கணக்கு எண் என்பது எண்ணே அல்ல என்பது முதலில் விளங்கியது. அதை எண் என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால், முன்னால் இருக்கும் பூஜ்யங்களுக்கு மதிப்பில்லை என்று தூக்கி எறிந்துவிடும். எக்செல் போன்ற விரிதாளில் 15 இலக்கத்துக்கு மேல் போனால், மிச்ச இலக்கங்களை எல்லாம் பூஜ்யமாக்கிவிடும். ஆகவே எழுத்து என்று பொய் சொல்லித்தான் உள்ளே விட வேண்டும். இது போகட்டும்.

வேலை செய்வதற்கு முன் பயன்படுத்தப் போகிறவர்களிடம் தேவைகளைக் கேட்டறிய வேண்டும் என்பது மென்பொருள் தொழிலின் மரபு. மனைவியிடம் கேட்டேன். செலவு வகைகளைச் சொல்லு, பெட்டியில் அடைத்துவிடுகிறேன் என்றேன். பால், மளிகை, தீபாவளிச் சீட்டு, டியூஷன் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் நின்றாள்.

"இன்னொண்ணு போட்டுக்கோங்க. எழுத வேண்டாம்."

"சரி, எழுதலை. என்னன்னு மட்டும் சொல்லு."

"அதான் சொல்றேன்ல. எழுத வேண்டாம்னு ஒரு வகை போடுங்க."

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். தம்பிக்கு அனுப்பியது, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கைமாத்தாகக் கொடுத்தது, நகைக் கடையில் முன்பணம் கட்டியது என்று பல வீடுகளில் அழாமல் தீர்ந்துகொண்டிருப்பதே அந்த எழுதாக் கணக்குதான். கீழே விழும் பட்டியலில் மின்கட்டணத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் "எழுத வேண்டாம்" என்று ஓர் உருப்படியைச் சேர்த்தேன். காட் தன் கட்டுரையில் இதற்கு இடம் வைக்கவில்லை. பேங்க்குக்குத் தெரிவதெல்லாம் பற்றும் வரவும்தான். யாருக்காக, யாருக்குத் தெரியாமல் என்பதற்கெல்லாம் பாஸ்புக்கில் கட்டம் கிடையாது.

பாஸ்புக் என்றதும் ஞாபகம் வருகிறது. கூட்டுக் கணக்கின் முதல் பக்கத்தில் ஈ ஆர் எஸ் என்று அடித்திருந்ததை அன்றுதான் அவள் கவனித்தாள்.

"இது என்னங்க?"

"ஈதர் ஆர் சர்வைவர். நம்ம ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் பணம் எடுக்கலாம். ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டா, இருக்கறவங்க எடுக்கலாம்."

"இப்பவும் நான் மட்டும்தானே எடுக்கறேன்?"

அம்மாவிடம் போனேன். ஊர்க் கிளையில் அம்மாவுக்கு ஒரு பழைய கணக்கு, தொட்டே வருஷக்கணக்காகிறது. இரண்டு வருஷம் எதுவும் போடாமல் எடுக்காமல் விட்டால் அதைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள், பத்து வருஷம் ஆனால் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடுவார்கள், பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைய வேண்டியிருக்கும் என்று விளக்கினேன்.

"அது என்ன நிதி?"

"வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதி."

"என் காசுல யாருடா படிக்கப் போறா?"

அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டதற்கு, ரூபாய் பைசா சுத்தமாக மனப்பாடமாகச் சொன்னாள். பாஸ்புக்கோடு ஒத்துப்பார்த்தேன். சரியாக இருந்தது. அம்மாவின் கணக்கை டேட்டாபேஸில் ஏற்றுவதற்கு இனிமேல் என்ன நியாயம் இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது, ஏற்றிவிட்டேன்.

இனி செக். எல்லாம் ஜிபே ஆகிவிட்ட காலத்தில் செக் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துப் பொருளாளர் செக்கைத் தவிர வேறு எதையும் பணமாகவே மதிப்பதில்லை. ஆடிட்டருக்குக் காட்ட வேண்டுமாம்.

இந்தியச் செக் தாளுக்கு சிடிஎஸ்-2010 என்று ஓர் இலக்கணம் உண்டு. அளவு 202 மில்லிமீட்டருக்கு 92. ஏ4 தாளின் அகலத்தைவிட 8 மில்லிமீட்டர்தான் குறைவு என்பதால், அப்படியே படுக்கையாகப் பிரின்டருக்குள் விட்டுவிடலாம் என்று எவருக்கும் தோன்றும். விட்டால், 92 மில்லிமீட்டர் தாள் ஓர் உருளையின் பிடியை விட்டு அடுத்த உருளையை எட்டாமல் நடுவழியில் நின்றுவிடும். குறுகிய பக்கத்தை முன்னால் நுழைத்து, எழுத்தை 90 டிகிரி திருப்பி அடிக்க வேண்டும். தேதிக்கு எட்டுக் கட்டம்; ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஓர் இலக்கம். கீழே வெள்ளைப் பட்டையில் காந்த மையில் இருக்கும் எண்களின்மேல் எதுவும் படக்கூடாது. அவற்றில் முதல் ஆறு இலக்கம் செக் எண். அடுத்த ஒன்பதில் முதல் மூன்று, ஊரின் பின்கோடில் உள்ள அதே முதல் மூன்று, மதுரைக்கு 625. பெயரிலோ தொகையிலோ பிழை விழுந்தால் அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய வழக்கமும் போயிற்று. தேதியைத் தவிர வேறு எதைத் திருத்தினாலும் அந்தத் தாள் வீண்.

எனவே அசல் தாளைத் தொடாமல், கலர் ஜெராக்ஸ் எடுத்து அதில் ஒத்திகை பார்க்கலாம் என்று தெருமுனைக் கடைக்குப் போனேன். நகல் வெளியே வந்தது. அசலில் கண்ணுக்குத் தெரியாத வாய்டு என்ற ஆங்கில எழுத்துகள் நகலில் பளிச்சென்று எழுந்து நின்றன. போலிச் செக்கைத் தடுக்க அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். கடைக்காரர் நகலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆதார் காப்பி ஏதும் எடுக்கணுமா சார்?" என்றார். என் அடையாளத்தை உறுதி செய்துகொள்ள விரும்பினார் போலிருக்கிறது.

அடுத்தது தொகையை எழுத்தில் எழுதுவது. எக்செல்லில் இதற்கென்று ஒரு சூத்திரம் கூடவே வருகிறது, பெயர் பாட்டெக்ஸ்ட். எந்தத் தொகையைக் கொடுத்தாலும் தாய் மொழியில் எழுதிக் கொடுத்துவிடும். தாய்லாந்துக்காரர்களின் தாய் மொழியில். நமக்கு நாமேதான் செய்துகொள்ள வேண்டும். செக் தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருந்தாலும், அதை நிரப்புகிறவர் அந்தந்த வட்டார மொழியிலும் எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கி தந்திருக்கும் உரிமை. தமிழிலேயே அடிப்பது என்று தீர்மானித்தேன்.

தமிழ் எண்கள் தனியாக இருக்கும்போது ஒரு மாதிரி, பின்னால் ஆள் வந்தால் வேறு மாதிரி. நூறு, நூற்று ஆகும். இருபது, இருபத்து ஆகும். எனவே எல்லாவற்றுக்கும் இரண்டு வடிவம் வைத்து ஓர் அட்டவணை போட்டேன். ஐந்தும் ஆயிரமும் சேர்ந்தால் ஐயாயிரம், பொறுத்துக்கொண்டேன். ஒன்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. எண்பதுக்கு அடுத்த பத்து தொண்ணூறாம், எண்ணூறுக்கு அடுத்த நூறு தொள்ளாயிரமாம். முன்னதில் நூறு இல்லை, பின்னதில் ஆயிரம் இல்லை. தகுதிக்கு ஒரு படி மேலான பட்டத்தைப் போட்டுக்கொண்டு திரிகிற எண் அது ஒன்றுதான். ஒன்பதாயிரத்துக்கு வந்தால் மட்டும் நல்ல பிள்ளையாகிவிடுகிறது. ஆரம்பத்தில் என் நிரல் 900-க்கு "ஒன்பது நூறு" என்று எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பாவம், எந்த ஊர்ப் பிள்ளை?" என்று கேட்டாள்.

ஒருவழியாக ஒன்பதை அடக்கினேன். 99,999 என்று கொடுத்தால் "ரூபாய் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மட்டும்" என்று, ஒற்றுகூடத் தப்பாமல் வந்தது. செக்கின் முதல் வரியில் அடங்கவில்லை. அந்தத் தொகைக்கு செக் கொடுக்கும் நிலைமை எங்கள் வீட்டில் வராது என்பதால் எழுத்தின் அளவைக் குறைக்கவில்லை.

பராமரிப்புத் தொகைக்கான முதல் செக் அச்சாகி வந்த அழகைச் சொல்ல வேண்டும். எட்டு இலக்கமும் எட்டுக் கட்டத்தில். இடது மூலையில் இரண்டு சாய்கோடு. ரூபாய் குறிக்கு நேராகத் தொகை. என் கையெழுத்தை மட்டும் பேனாவால் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தாளுக்குள் இருக்கும் சிடிஎஸ் இந்தியா நீர்க்குறி தெரிந்ததும் அரை மனதோடு வாங்கிக்கொண்டார்.

இப்போது செக் ஊர்விட்டு ஊர் போவதில்லை. அதன் படம்தான் போகிறது. போன படம் திரும்பி வந்தது. காரணம், கையெழுத்து ஒத்துப்போகவில்லை. அந்தத் தாளில் நான் கையால் எழுதியது அது ஒன்றுதான். கல்யாணமான புதிதில், வாழ்க்கையில் பெரிய ஆளாக வரப்போகிறோம் என்று நம்பிய ஒருவன் அடியில் இரண்டு கோடு இழுத்து, அதன்மேல் இரண்டு புள்ளி வைத்துப் போட்டுக்கொடுத்த மாதிரிக் கையெழுத்து பேங்க்கில் இருக்கிறது. இப்போது போடுகிறவனுக்கு அத்தனை கோடு இழுக்கத் தெம்பில்லை.

திரும்பிய செக்குக்கு அபராதமும் ஜிஎஸ்டியும் கூட்டுக் கணக்கில் பிடித்த செய்தி மனைவியின் போனுக்குத்தான் வந்தது. நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் அவளே கம்ப்யூட்டரைத் திறந்து, தேதி போட்டு, தொகை போட்டு, பற்றில் ஏற்றியிருந்தாள். எந்த வகையில் போட்டிருக்கிறாள் என்று பார்த்தேன்.

எழுத வேண்டாம்.