வண்டி உங்களைத் திருடன் என்று நினைத்தால்

திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்திய வண்டிக்கு ஓனர் என்று ஒருவர் கிடையாது. அதற்குத் தெரிந்தது இரண்டே வகை மனிதர்கள்தான்: சரியான சாவி வைத்திருப்பவர், மற்றவர்கள். ஆர்சி புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர், மாதத் தவணை போவது உங்கள் கணக்கிலிருந்து, ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கியதும் நீங்கள். இதெல்லாம் அதனிடம் செல்லாது. ஆகவே இந்தப் பழுதுபார்க்கும் கலையின் அரிச்சுவடி, கோபப்படாமல் சந்தேக நபராக நடந்துகொள்ளப் பழகுவது. இரண்டு கையும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கருவி என்று ஒருமையில் சொன்னாலும் உள்ளே குடியிருப்பவர்கள் இருவர். ஒருவர் கத்துவார், அவர் அலாரம். இன்னொருவர் பேசாமல் காலை வாருவார், அவர் இம்மொபிலைசர். இருவருக்கும் பல வண்டிகளில் பேச்சுவார்த்தையே கிடையாது. சைரன் ஒயரைப் பிடுங்கிப்போட்டுவிட்டு "இன்னும் ஏன் ஸ்டார்ட் ஆகல?" என்று கேட்கிறவர்களின் புண்ணியத்தில்தான் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் வீடு கட்டுகிறார்கள்.

முதலில் கத்துபவர். நள்ளிரவு இரண்டரை மணிக்கு அலாரம் அடித்தால் செய்ய வேண்டிய முதல் காரியம், அது எதிர் பிளாக்காரர் வண்டி என்று உறுதியாக நம்பிப் போர்வையை இழுத்துக்கொள்வது. அவரும் அங்கே அதையேதான் செய்துகொண்டிருப்பார். பிறகு இன்டர்காம் அடிக்கும்.

"சார், கேட்டுலேர்ந்து பேசறேன். உங்க வண்டி கத்துது சார்."

"என் வண்டியா? நல்லா பாத்தீங்களாண்ணே?"

"லைட்டெல்லாம் போட்டு போட்டு அணைக்குது சார். மேல ஒரு பூனை குந்திக்கினு இருக்கு."

"பூனைய விரட்டுங்கண்ணே."

"அது அப்பவே போயிடுச்சு சார். இதுதான் நிக்க மாட்டேங்குது."

இனி இறங்கித்தான் ஆக வேண்டும். லுங்கியோடு, கலைந்த தலையோடு, இருட்டில் ஒரு காரின் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பீர்கள். பால்கனிகளில் விளக்கெரியும். ஆனால் ஒருவரும் ஓடி வந்து உங்களைப் பிடிக்க மாட்டார்கள். கத்துகிற காரோடு மல்லுக்கட்டுகிற ஆளைப் பார்த்தால் நம் ஊரில் யாருக்கும் திருடன் என்று தோன்றாது. "பாவம், ஓனர்" என்றுதான் தோன்றும். இந்த உண்மை திருடர்களுக்கும் தெரியும் என்பதைச் சைரன் விற்கிறவர்கள் பெட்டியின் மேல் அச்சிடுவதில்லை.

ரிமோட்டை அமுக்கியும் நிற்கவில்லையா? அதிலுள்ள பேட்டரி செத்திருக்கும். பழைய வகை ரிமோட்டில் சுண்டுவிரல் நுனியளவு 12 வோல்ட் பேட்டரி இருக்கும், புதியதில் காசு வடிவத்தில் சிஆர்2032. இரண்டும் அந்த நேரத்தில் எங்கும் கிடைக்காது. அதற்காகத்தான் வெளியே வாங்கிப் பொருத்தும் அலாரங்களில் பெரும்பாலும் வேலட் சுவிட்ச் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் எங்கோ ஒளித்து வைத்த சின்னப் பொத்தான். சாவியால் கதவைத் திறந்து, இக்னிஷனை ஆன் செய்து, சில விநாடிக்குள் அதை அமுக்கினால் ஊர் அமைதியாகும். எங்கே ஒளித்திருக்கிறது என்று பொருத்தியவருக்கு மட்டும் தெரியும். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணி விற்கிறார்கள். அதனால் அலாரம் பொருத்துகிற அன்றே கடைக்காரர் முன்னிலையில் வண்டிக்குள் குனிந்து, பொத்தானைப் பார்த்து, ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

ஏன் கத்தியது என்பது காலையில் பார்க்க வேண்டிய வேலை. பொதுவாகப் பழி சென்சார் மேல்தான் விழும். பாதி நேரம் குற்றவாளி வண்டி பேட்டரி. ராத்திரி முழுக்க ஓய்வில் நின்ற நல்ல பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே இறங்கிவிட்டால் அலாரம் மிரண்டுபோய் யாரோ கை வைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடும். வாரக்கணக்கில் எடுக்காமல் நிற்கும் வண்டியில் பேட்டரியைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பவர்களில் அந்த அலாரமும் ஒருவர். தானே குடித்துவிட்டுத் தானே கத்துவார்.

அடுத்து கதவு. திறந்து பில்லரைப் பாருங்கள். பழைய வண்டி என்றால் பொத்தான் போல ஒரு பின் நீட்டிக்கொண்டிருக்கும், மேலே கறுப்பு ரப்பர் தொப்பி. கட்டைவிரலால் அமுக்கினால் உள்விளக்கு அணைய வேண்டும், விட்டால் எரிய வேண்டும். தொப்பி கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் விரலில் செம்மண் நிறத்தில் துரு ஒட்டும். சாத்திய கதவையே திறந்த கதவு என்று அலாரத்துக்குக் கோள் சொல்வது இந்தப் பின்தான். கொஞ்சம் உப்புத்தாள், கொஞ்சம் ஸ்பிரே, புது ரப்பர், அவ்வளவுதான் வைத்தியம். புது வண்டிகளில் இது கதவுப் பூட்டுக்குள்ளேயே போய்விட்டதால் துரு பிடிப்பது குறைவு, செலவு அதிகம்.

பானெட்டிலும் இதே மாதிரி ஒரு சுவிட்ச் உண்டு, அங்கே எதிரி எலி. ஒயரைக் கடித்துவிட்டால் பானெட்டை யாரோ திறந்துவிட்டதாக அலாரம் அலறும். எலிக்குப் புகையிலையைத் துணியில் முடிந்து இன்ஜின் பக்கம் கட்டித் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். சில எலிகள் விலகிப் போகும். சில பழகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் அதிர்வு சென்சாருக்கு வர வேண்டும். அதில் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் சின்ன திருகு இருக்கும். நூலளவு திருப்பிவிட்டு, கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினால் ஒரு 'கீச்', டயரை உதைத்தால் முழுக் கச்சேரி என்ற அளவில் நிறுத்துங்கள். தீபாவளிக்கு மட்டும் எந்தத் திருகும் உதவாது. 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பட்டாசுக்கு நேரம் குறித்தார்கள். தெருவிலுள்ள கார்களுக்கு அப்படி எதுவும் குறிக்கவில்லை. ஒரு லட்சுமி வெடிக்கு ஏழு வண்டி பதில் சொல்லும்.

இப்போது பேசாதவர். இம்மொபிலைசர் வேலை செய்யும் விதம் தெரிந்தால் பயம் போய்விடும். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியளவு சிப் ஒன்று இருக்கிறது, அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித்துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயில், பெரும்பாலான வண்டிகளில் 125 கிலோஹெர்ட்ஸில், அதை எழுப்பி "யார் நீ?" என்று கேட்கும். சிப் பதில் சொல்லும். பதில் சரி என்றால் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் விடும். தவறு என்றால் வண்டிக்கு வண்டி நடத்தை மாறும். சிலது செல்ஃபே எடுக்காது. சிலது செல்ஃப் சுற்றும், பற்றாது. சிலது பற்றி, இரண்டு விநாடி நம்பிக்கை கொடுத்துவிட்டு அணையும். மூன்றிலும் டேஷ்போர்டில் சாவி போட்ட சின்னம் வேகமாக மின்னும். அது மின்னவே இல்லை என்றால் இம்மொபிலைசரை விட்டுவிட்டு முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்னினால் சாவிக்கொத்தைக் கழற்றுங்கள். பித்தளை வேல், பீரோ சாவி, இன்னொரு வண்டியின் சிப் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் இருந்தால் காயிலின் கேள்விக்கு யார் பதில் சொல்வது என்று குழப்பம் வரும். கார் கம்பெனிக் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன, அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. தனிச் சாவியிலும் அடம் பிடித்தால் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் கோளாறு முதல் சாவியில். இரண்டிலும் ஓடாவிட்டால் பேட்டரியை, பிறகு காயிலின் கனெக்டரை, அதன் பிறகே ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேட வேண்டும். "கம்ப்யூட்டர் போயிடுச்சு சார், மாத்தணும்" என்று முதல் நிமிடத்திலேயே சொல்கிற கடையிலிருந்து, தள்ளியாவது, வண்டியை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

இந்த வம்சத்தின் மூதாதை அமெரிக்காவில் பிறந்தவர். ஜெனரல் மோட்டார்ஸ் 1986 கார்வெட் காரின் சாவியில் ஒரு ரெசிஸ்டரைப் பதித்தது. மொத்தம் 15 அளவுகள், உங்கள் வண்டிக்கு அதில் ஒன்று. தவறான சாவியைப் போட்டால் சில நிமிடம் வண்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திருடன் பாதி வழியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்பது திட்டம். நடந்தது என்னவென்றால், சாவியைத் திருப்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து, பூட்டிலிருந்து வரும் மெல்லிய ஒயர் சில வருடத்தில் அறுந்தது. நின்றதெல்லாம் ஓனர். மெக்கானிக்குகள் அதே அளவு ரெசிஸ்டர் ஒன்றை டேஷ்போர்டுக்கு அடியில் பற்றவைத்துக் கதையை முடித்தார்கள். பழுது நீங்கியது, காவலும் சேர்ந்தே நீங்கியது. அதே கம்பெனியின் அடுத்த வாரிசான பாஸ்லாக் கோபித்துக்கொண்டால், சாவியை ஆன் செய்து, விளக்கு அணையும் வரை பத்து நிமிடம் காத்திருந்து, ஆஃப் செய்து, அதையே மூன்று முறை செய்ய வேண்டும். அரை மணி நேரத் தவம் முடிந்தால் வண்டி மன்னித்து ஏற்றுக்கொள்ளும். இது நான் புனைந்த நையாண்டி இல்லை, முறைப்படியான வழியே அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001இல், கனடா 2007இல். அமெரிக்கா ஆக்கவில்லை. அதன் பலனை 2021, 22இல் மில்வாக்கி நகரம் பார்த்தது. இம்மொபிலைசர் இல்லாத கியா, ஹூண்டாய் கார்களைச் சின்னப் பையன்கள் கிளப்பிக்கொண்டு போய் வீடியோ போட்டார்கள். 2023 பிப்ரவரியில் இரண்டு கம்பெனிகளும் 83 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் அறிவித்தன. கூடவே கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும், போலீஸ் மூலம் இலவசமாக ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புத் தடியும் கொடுத்தன. இவ்வளவு மின்னணுவியலுக்கும் பிறகு வேலையை முடித்து வைக்க இரும்புத் தடியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே ஓடும் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கவலை. வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் அலையை வாசலில் நின்று நீட்டித்து வண்டியைக் கிளப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். பரிகாரம், சாவியை இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் சம்படத்தில் வைப்பது. வைத்துவிட்டுச் சம்படத்தோடு காரருகே போய் நில்லுங்கள். கதவு திறந்தால் அந்தச் சம்படம் உதவாது, அடுத்ததை எடுங்கள். தளர்வான மூடியுள்ளதெல்லாம் தோற்று, கடைசியில் தேறுவது வீட்டம்மா முறுக்குக்கு வைத்திருப்பதாகத்தான் இருக்கும். அந்தச் சம்படம் முறுக்கோடு பக்கத்து வீட்டுக்குப் போகும் நாளில் உங்கள் கார் உலகத்திலேயே பத்திரமான காராக இருக்கும்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைடு லாக்கைப் போடுங்கள், வீல் லாக்கையும் போடுங்கள், ரகசிய சுவிட்ச் மட்டும் வேண்டாம். பக்கவாட்டு மூடிக்குள் ஒளித்து வைத்த அந்த சுவிட்ச் மெக்கானிக்குக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும், டீக்கடையில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதது, அதை ஆஃப் செய்துவிட்டு மறந்துபோய்க் காலையில் வியர்க்க வியர்க்க கிக்கரை உதைக்கிற உங்களுக்கு மட்டும்தான்.

கடைசியாகப் பணம். இந்திய வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐ அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவி இருந்தால் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 சதவீதம் தள்ளுபடி உண்டு, உச்சவரம்பு 500 ரூபாய். 8,000 ரூபாய் கட்டுகிறவருக்கு மிச்சம் 200. அதை வாங்கச் சான்றிதழ், நகல், அலைச்சல் எல்லாம் சேர்த்தால் கணக்கு உங்களுக்கே விளங்கும்.

இவ்வளவும் செய்தும் வண்டி போய்விட்டால் ஸ்டேஷனில் சிஎஸ்ஆர், பிறகு எஃப்ஐஆர், பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ். இன்சூரன்ஸ் கம்பெனி அசல் சாவி இரண்டையும் கேட்கும். ஒன்றை மட்டும் கொடுத்தால், "இன்னொண்ணு யார்கிட்ட சார் இருக்கு?" என்று உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டையும் மேசைமேல் வைத்தால், "ரெண்டு சாவியும் உங்ககிட்டயே இருக்கு, அப்புறம் வண்டி எப்படி சார் போச்சு?" என்பார்கள். இதற்குப் பதில் எழுத அந்தப் படிவத்தில் ஒன்றரை வரி இடம் விட்டிருப்பார்கள்.