பாடி பார்க்கும் படலம்

2008-ஆம் வருஷம் வெளிவந்த நிக்கான் டி90 கேமராவை அது வந்த புதிதிலேயே வாங்கி, அதன் திரையின்மேல் மாட்டி வந்த பிளாஸ்டிக் மூடியை இன்றளவும் கழற்றாமல் பரிபாலித்துவரும் கனவான் ஒருவரை நீங்கள் அவசியம் சந்தித்திருப்பீர்கள். சந்தித்ததில்லை என்றால், உறவினர் வீட்டுக் கல்யாணம் எதற்காவது கழுத்தில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு போய் நின்றால் போதும். அவரே வந்து உங்களைச் சந்திப்பார். உங்கள் பெயரையோ ஊரையோ கேட்கமாட்டார். “என்ன பாடி?” என்பார்.

வங்கி அதிகாரியாகவோ, கல்லூரி ஆசிரியராகவோ, ஓய்வு பெற்ற பொறியாளராகவோ லௌகிகத்தில் உலவிவரும் இவருடைய அந்தரங்க ஜீவிதம் முழுவதும், டி90-க்கு அடுத்தபடியாக எந்த பாடிக்கு, அதாவது எந்தக் கேமராவுக்குப் போவது என்கிற ஒரே விசாரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. வேடந்தாங்கலில் மஞ்சள் மூக்கு நாரை ஒன்று குஞ்சுக்கு இரை ஊட்டுவதை அவர் ஒரு மாலைப்பொழுதில் எடுத்த படம், பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சும்படியாகவே அமைந்திருந்தது, ஆனால் அவரோ அதைக் கணினியில் ஏற்றி, நாரையின் மார்பு, மார்பில் ஒரு சிறகு, அச்சிறகில் ஓர் இழை என்று, அது நாரைதான் என்பதற்கு யாதொரு சாட்சியமும் மிஞ்சாத வரையில் பெருக்கிக்கொண்டே போய், “பாருங்கள், ஐ.எஸ்.ஓ. 1600-லேயே எத்தனை நாய்ஸ்!” என்று பெருமூச்செறிந்தார். அன்றைக்குத்தான் அவருக்கும் டி90-க்கும் மனஸ்தாபம் ஆரம்பமாயிற்று என்று நினைக்கிறேன்.

விசாரத்தின் போக்கைச் சற்று உடனிருந்து கேட்டால்தான் அதன் ஆழம் புலப்படும். டி5300 எடை குறைவு, திரை மடங்கும், 24 மெகாபிக்சல், விலையும் சகாயம். எனினும் அதனுள்ளே போகஸ் மோட்டார் கிடையாதாகையால், அவர் பிராணனாகப் பாவிக்கும் பழைய ‘டி’ வகை 50 மில்லிமீட்டர் லென்ஸை அதில் மாட்டினால் வளையத்தைக் கையால்தான் திருப்பவேண்டும். 2015-இல் வந்த டி7200-இல் மோட்டார் உண்டு, கார்டு செருக இரண்டு இடங்களும் உண்டு. அதையே வாங்கிவிடலாம் என்று ஏறக்குறைய நிச்சயித்து, பணம் எடுப்பதற்குச் செக் புத்தகத்தைத் தேடுகிற கட்டம்வரை அவர் வந்துவிட்ட சமயத்தில், 2017-இல் டி7500 பிரவேசித்து, வினாடிக்கு 6 படம் என்றிருந்ததை 8 ஆக உயர்த்தி, கார்டுக்கு இரண்டு இடம் இருந்ததை ஒன்றாகக் குறைத்து, 24 மெகாபிக்சலை 21-க்கும் கீழே இறக்கிவைத்தது. ஏறினதற்காகச் சந்தோஷப்படுவதா, இறங்கினதற்காகத் துக்கப்படுவதா என்ற தர்மசங்கடத்தில் செக் புத்தகம் மறுபடி பீரோவுக்குள் போயிற்று.

இவை யாவும் சில்லறைத் தேவதைகள். மோட்சம் என்பது ஃபுல் ஃப்ரேம்தான். 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள, பழைய பிலிம் சட்டத்துக்குச் சமமான சென்ஸர் கொண்ட டி750-இன் பெயரைச் சொல்லும்போதே அவர் குரல் தணிந்து குழையும். ஆனால் அங்கேயும் விதி குறுக்கிடுகிறது. டி90-உடன் வந்த 18-105 லென்ஸ் சிறிய சென்ஸருக்கென்றே சிருஷ்டிக்கப்பட்டது. அதை டி750-இல் மாட்டினால் கேமரா படத்தின் நடுப்பாகத்தை மாத்திரம் வெட்டி எடுத்துக்கொள்ள, 24 மெகாபிக்சலில் கைக்கு வந்துசேர்வது சுமார் 10. கிழட்டு டி90 கொடுப்பதோ 12. அவ்வளவு பணத்தைக் கொட்டி இரண்டு மெகாபிக்சலைத் தொலைப்பது எந்த சாஸ்திரத்தில் அடுக்கும்? ஆகவே லென்ஸையும் மாற்றவேண்டும். லென்ஸையே மாற்றுவதென்றால் அப்புறம் நிக்கானிலேயே ஏன் கிடக்கவேண்டும், கேனனுக்கே போய்விடலாமே. கேனனுக்குப் போவதென்றால் லென்ஸை மாட்டத் திருகுகிற திசைகூட நேர்மாறாயிற்றே, இத்தனை காலத்துக் கைப்பழக்கம் என்ன ஆவது? வரன் பார்க்கிறவர்கள்கூடப் பத்தில் ஏழு பொருத்தம் கூடினால் தட்டு மாற்றிக்கொள்கிறார்கள். இவருக்குப் பத்தும் கூடவேண்டும். கூடிவிட்டாலோ, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகம் பிறக்கும்.

இத்தனைக்கும் டி90 தருகிற 4288-க்கு 2848 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 வீதம் அச்சிட்டால் பதினான்கு அங்குல அகலத்துக்குத் தாராளமாய்க் காணும். அவர் இதுவரையில் அச்சிட்ட படங்களில் மிகப் பெரியது ஆறுக்கு நாலு. அதுவும் ரேஷன் கார்டு விவகாரம் ஒன்றுக்காக எடுக்கப்பட்ட குடும்பப் படம். அதையும் எடுத்தது அவர் மனைவியின் செல்போன்.

போன தை மாதத்தில் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். முகூர்த்த நேரத்தில் மணமேடைக்கு அருகே, இருபத்திரண்டு வயதுக்கு மேல் மதிக்கமுடியாத ஸ்டுடியோப் பையன் ஒருவன், கைப்பிடி ரப்பர் பெயர்ந்து தொங்கியதால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய ஒரு கேமராவை வைத்துக்கொண்டு, குனிந்தும் நிமிர்ந்தும் நாற்காலிமேல் ஏறியும் சரமாரியாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். நம் கனவான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனை அணுகி, “தம்பி, என்ன பாடி?” என்றார்.

பையன் கேமராவைத் திருப்பிப் பார்த்தான். மாடல் எண் இருக்கவேண்டிய இடத்தில் டேப் ஓடியிருந்தது. “முதலாளி வாங்கிக் குடுத்தது சார். டேப்பை உரிச்சாத்தான் தெரியும்” என்றவன், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், தாலி கட்டுறாங்க” என்று அவரை இடது தோளால் மெல்ல ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தான். தான் பிடித்திருப்பது இன்ன பாடி என்று தெரியாமல் ஒரு மனிதன் படம் எடுக்கமுடியும் என்கிற செய்தி அவரை மிகவும் கலக்கிவிட்டது. பந்தியில் பாயசத்தைக்கூட அரைகுறையாகவே சாப்பிட்டார்.

2018-இல் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்களை நிக்கானும் கேனனும் பெரிய அளவில் களத்தில் இறக்கினபோது, அவர் உடைந்துபோவார் என்று நான் பயந்தது உண்மை. அவரோ பழைய லென்ஸை மாட்டுவதற்காக நிக்கான் செய்த அடாப்டரிலும் போகஸ் மோட்டார் இல்லை என்ற குறையை ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, 50 மில்லிமீட்டரைக் கைவிடாத தர்மத்தோடு மீண்டும் கண்ணாடியுள்ள டி.எஸ்.எல்.ஆர். பக்கமே திரும்பினார். 2020-க்குப் பிறகு இவ்விரு கம்பெனிகளும் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை. மற்றவர்கள் இதை ஒரு யுகத்தின் அஸ்தமனம் என்று வருந்திக்கொண்டிருக்க, இவர் முகத்தில் அபூர்வமானதொரு தெளிவு தோன்றியது. “இனிமேல் புதிதாக ஒன்றும் வராது. இப்போதுதான் நிதானமாகப் பார்த்து முடிவு செய்யமுடியும்” என்றார். தற்சமயம் பழைய டி750-களின் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று விசாரித்துவருகிறார். அதன் ஷட்டரை ஒன்றரை லட்சம் தடவைக்குப் பரீட்சித்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறதென்றும், இருபதாயிரத்துக்கு மேல் அடித்ததைத் தொடமாட்டேன் என்றும் சொல்கிறார். தம்முடைய டி90-இன் கணக்கு ஐந்தாயிரத்தைத் தாண்டவில்லை என்பதை அவரே ஒருநாள் அசந்தர்ப்பமாக வெளியிட்டுவிட்டார்.

அவரைப் பரிகசிப்பதாக எண்ணவேண்டாம். கேமரா வாங்க உத்தேசமுள்ள வாசகர்கள் தயங்காமல் அவரிடம் போகலாம். அவர் சொல்லி வாங்கினவர்களில் ஒருவரும் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பிறர் காரியம் என்றால் பத்து நிமிஷத்தில் முடிவு சொல்லிவிடுவார், அது சரியாகவும் இருக்கும். வாங்கின பிறகு மட்டும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். அதைவிட நல்லது எது என்பதையும் சொல்லிவிடுவார்.