ஆறுதல் பரிசுப் பட்டியலில் அண்டை வீட்டாரைக் கண்டறிதல்: ஷா ஆலம் செக்‌ஷன்களை முன்வைத்து ஒரு முன்னாய்வு

ஷா ஆலத்தில் தமிழில் கதை எழுதுவோர் எத்தனை பேர் என்று எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கேட்டதில்லை. இக்குறையைப் போக்க அரசோ பல்கலைக்கழகமோ முன்வராத நிலையில், இவ்வாய்வாளர் தம் சொந்தச் செலவில் (பெரும்பகுதி தே தாரிக்) ஆய்வில் இறங்க வேண்டியதாயிற்று. கருதுகோள் எளியது. இந்நகரில் ஓர் எழுத்தாளர் இன்னோர் எழுத்தாளரைக் கண்டறிய எழுத்துப் போட்டியை விட்டால் வேறு வழியில்லை. இதை மறுப்போர், தம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் யார் யார் வெண்பா எழுதுகிறார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

ஆய்வுக்களம் பற்றிச் சில சொற்கள். ஷா ஆலம் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகிவிட, சிலாங்கூருக்குப் புதுத் தலைநகர் தேவைப்பட்டது. ரப்பரும் செம்பனையும் நின்ற இடம் 1978இல் தலைநகராயிற்று, 2000இல் மாநகராயிற்று. ஊரை வகுத்தவர்கள் பகுதிகளுக்குப் பெயர் தேடி அலையாமல் எண் கொடுத்துவிட்டார்கள். செக்‌ஷன் 7, செக்‌ஷன் 18, செக்‌ஷன் 25 என்று போய், எண் அலுத்ததும் வடக்கே ‘யூ’ என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டு யூ1, யூ2 என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். செக்‌ஷன் 7இல் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தோட்டத்தைக் காணோம்.

தோட்டக் காலமாக இருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது. லயத்தில் ஒருவர் இருமினால் அடுத்த வீட்டுக்காரர் கஷாயம் கொண்டுவருவார். கதை எழுதினால் தெரியாமல் போய்விடுமா? ஞாயிறு பதிப்பில் பெயர் அச்சானால், மறுநாள் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும், ‘நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறானோ’ என்று கங்காணி கூடுதலாகக் கவலைப்படவும் செய்வார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் சிதறியபின் கதை மாறிவிட்டது. இன்றைய செக்‌ஷன்வாசிக்கு எதிர்வீட்டுக் காரின் எண் தெரியும், எதிர்வீட்டாரின் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தாலும் புனைபெயர் தெரியாது. பூச்சோங்கில் இருப்பவர் ஊரைப் பெயருக்கு முன்னால் ஏற்றிக் கையெழுத்திட்டால் கம்பீரமாக இருக்கிறது. ‘செக்‌ஷன் 25’ என்று போட்டுக்கொண்டால் குற்றவியல் சட்டத்தில் வழக்குப் பதிவானதுபோல் ஒலிக்கிறது. ஆகவே ஷா ஆலம் எழுத்தாளர்கள் ஊரையே மறைத்துவிடுகிறார்கள்.

இனி வரலாற்றுச் சான்றுகள். போட்டியின் வழியே சக எழுத்தாளர் இன்னார் என்று தெரியவந்த மிகப் பழைய நிகழ்வு, மதுரையில் பாண்டியன் பொற்கிழி கட்டித் தொங்கவிட்டபோது நடந்தது. தருமி பிறர் எழுதியதைத் தம் பெயரில் அனுப்பினார். நடுவர் நக்கீரர் அதில் குற்றம் கண்டார். மூலப் படைப்பாளி கோபித்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேடையேறிச் சண்டை போடும் நம் இலக்கிய மரபின் ஊற்றுக்கண் இதுவே. அப்போதுதான் நக்கீரருக்குத் தம் சக எழுத்தாளர் சிவபெருமான் என்பது தெரிந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை பொற்றாமரைக் குளத்தில் ஒரு முழுக்கு. 1965இல் வந்த ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ படத்துக்குப் பிறகு, அதில் தருமியாக வந்த நாகேஷை நினைக்காமல் இச்சான்றை யாராலும் அணுக முடியாது என்பதால், ஆய்வின் நடுநிலை இவ்விடத்தில் சற்றே கெடுகிறது. மன்னிக்க.

சிவபெருமானுக்கு அடுத்த சான்று 1950இல்தான் கிடைக்கிறது. இடைப்பட்ட நூற்றாண்டுகளை இவ்வாய்வு கண்டுகொள்ளவில்லை. ஆய்வேடுகளில் இதற்கு ‘ஆய்வு எல்லை’ என்று பெயர்.

அந்த ஆண்டு, 1924 முதல் கோலாலம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ தொடங்கினார்கள். கதை எழுதுவது எப்படி என்ற பாடம் நாளிதழில் வரும். வாசகர் பயிற்சியை எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். கரும்பலகை இல்லை, பெஞ்சு இல்லை, தாமதமாக வந்தால் வெளியே நிறுத்துவதும் இல்லை. வாத்தியார்கள் இருவரும் நாராயணன்கள் என்பதால் யார் திருத்தினார் என்று மாணவர் குழம்பியிருக்கலாம் என்பது இவ்வாய்வாளரின் ஊகம் மட்டுமே. ஆனால் எங்கோ ஒரு தோட்டத்தில் விளக்கு வெளிச்சத்தில் தனியாக எழுதிக்கொண்டிருந்தவருக்கு, தம்மைப்போல இன்னும் பலர் இந்த நாட்டில் எழுதிப் பார்க்கிறார்கள் என்ற செய்தி அந்த வகுப்பால் கிடைத்தது. மலேசியச் சிறுகதையின் தொடக்கத்தைப் பேச வந்தால் அதைத் தாண்டிப் போக முடியாது. 1952இல் தமிழகத்துச் சிறுகதையாளர் கு. அழகிரிசாமியே ‘தமிழ் நேச’னில் பணியாற்ற வந்துசேர்ந்தார். 1957 வரை இங்கிருந்தார், உள்ளூர் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து கதை பேசினார். அந்தத் தலைமுறையின் மா. இராமையாவும் மா.செ. மாயதேவனும் இருவருமாகச் சேர்ந்தே புத்தகம் போடும் அளவுக்கு நெருங்கியிருந்தார்கள். இராமையா பின்னாளில் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றையே எழுதினார். சக எழுத்தாளர்களைக் கண்டறியும் பழக்கம் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பிறகு 1972. அதே நாளிதழின் ஆசிரியர் முருகு சுப்பிரமணியன் பவுன் பரிசுத் திட்டம் கொண்டுவந்தார். நல்ல சிறுகதைக்குத் தங்கம். பொற்கிழியிலிருந்து பவுனுக்கு வந்ததில் தங்கத்தின் எடை குறைந்திருக்கிறது, நடுவரை நெற்றிக்கண்ணால் எரிப்பதும் நின்றிருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் முன்னேற்றம்தான். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி இன்னொரு படி மேலே போனது. மாணவர் ஒரு பிரிவு, பொதுமக்கள் ஒரு பிரிவு என்று எழுத வைத்து, பரிசுக் கதைகளைப் ‘பேரவைக் கதைகள்’ என்று தொகுப்பாக்கியது. வாழ்நாளில் சந்தித்திராதவர்கள் ஒரே அட்டைக்குள் குடியேறினார்கள், வாடகை இல்லாமல்.

இனிக் களப்பணி. முடிவுப் பட்டியல் வெளியானதும் பங்கேற்றவரின் கண் முதலில் தம் பெயரைத் தேடுகிறது. இல்லையென்றால் அச்சுப் பிழையாக இருக்கலாம் என்று மறுபடி தேடுகிறது. பிறகு முதல் பரிசுக்குப் போய், “ஓ, இவரா!” என்கிறது. முதல் பரிசுக்காரர் எப்போதுமே ‘இவரா’தான். அவரை ஏற்கெனவே தெரியும், போன ஆண்டும் அவரே. ஆய்வு நோக்கில் அவரால் யாதொரு பயனும் இல்லை. கண்டுபிடிப்பு நிகழ்வது அடியில், பொடி எழுத்தில் வரும் ஆறுதல் பரிசுப் பட்டியலில். அங்கேதான் இதுவரை கேள்விப்படாத ஒரு பெயரும், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஷா ஆலம்’ என்றும் இருக்கும். நம் ஊர்க்காரர், நமக்குத் தெரியாதவர், எழுதுகிறார்! ஆறுதல் பரிசின் ஆறுதல் அந்த அடைப்புக்குறிதான் என்று துணிந்து கூறலாம். ஆறுதல் பரிசுக்காரர்களிடையே மலரும் நட்பு நீடித்தது என்பதும் களத்தில் தெரியவந்தது. முதல் பரிசுக் கதையைப் பற்றி அவர்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை.

பரிசளிப்பு விழா கோலாலம்பூரில், பெரும்பாலும் விஸ்மா துன் சம்பந்தன் போன்ற ஒரு கட்டடத்தில் நடக்கும். ஷா ஆலத்தில் அடுத்தடுத்த செக்‌ஷனில் இருக்கும் இருவர், தனித்தனிக் காரில், ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஒருவேளை ஒருவர் பின்னால் ஒருவராக ஹாரன் அடித்துக்கொண்டு, அங்கே போய்த்தான் அறிமுகமாகிறார்கள். அந்த அறிமுகமும் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு பொழுதில் நடக்கிறது. சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கும் பொழுது அது. குத்துவிளக்கு தயார், தமிழ்த்தாய் வாழ்த்து பாடும் பிள்ளைகள் தயார், விருந்தினர் மட்டும் “வழியில் வந்துகொண்டிருக்கிறார்”. பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? “நீங்க எங்கிருந்து சார்?” “ஷா ஆலம்.” “அட, ஷா ஆலத்துல எங்க?” மலேசியத் தமிழ் இலக்கியத்துக்குச் சிறப்பு விருந்தினர்கள் ஆற்றிய தொண்டுகளில் தலையாயது, நேரத்துக்கு வராததே. அவர்களின் உரைகளையும் இவ்வாய்வாளர் கேட்டிருக்கிறார், ஆகவே இத்தீர்ப்பில் ஐயமில்லை.

கண்டறிந்தபின் நிகழும் பக்க விளைவையும் மறைக்கக் கூடாது. முதல் மாதம் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் இலக்கியமும். அடுத்த மாதம் அவர் தம் அச்சேறாத நாவலைப் பைண்டு செய்து கொண்டுவந்து கொடுப்பார். அதன்பின் சில காலம் வேறு கடையில் பசியாற வேண்டியிருக்கும். இருந்தும், தெரியாமலே இருந்திருக்கலாம் என்று சொன்னவர் எவரையும் இவ்வாய்வாளர் சந்திக்கவில்லை.

‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரி 31உடன் நின்றுவிட்டது. இப்போது போட்டி முடிவுகள் கைப்பேசியில் வருகின்றன. முதல் பரிசுக்காரர் மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வருகிறது, பட்டியல் வருவதில்லை. இவ்வாய்வு கண்ட மிகப் பெரிய இழப்பு இதுவே. எனவே போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். பரிசுத் தொகையை வேண்டுமானால் பத்து வெள்ளி குறைத்துக்கொள்ளுங்கள், ஆறுதல் பரிசுகளைக் குறைக்காதீர்கள். பட்டியலை முழுதாக அச்சிடுங்கள், ‘ஷா ஆலம்’ என்பதோடு செக்‌ஷன் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். விழாவைச் சரியான நேரத்துக்குத் தொடங்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து கைவிடுங்கள்.