நிரப்புகிறவர் கையைப் பிடிக்கும் கதவு

கேள்வி: டர்போவில் காற்றழுத்தம் கூடிப்போனால், எங்கள் தென்னேரி ஏரியின் கலங்கல் மாதிரி வேஸ்ட்கேட் அதை வழியவிடுகிறதா?
– ஒரு வாசகர், வாலாஜாபாத்

பதில்: கலங்கல், நிரம்பிய நீரை வழியவிடும். வேஸ்ட்கேட் நிரப்புகிறவர் கையையே பிடித்துவிடும்! பக்கத்து ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட்டின் 999 சிசி டர்போ எஞ்சின் 100 குதிரைத்திறன் தருகிறதே, எப்படி? வெளியேறும் புகை டர்பைனைச் சுழற்ற, மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. காற்று கூடினால் புகை கூடும். புகை கூடினால் சுழற்சி கூடும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் இந்த ஓட்டத்தை யாராவது தடுத்தாக வேண்டும்.

அதற்குத்தான் வேஸ்ட்கேட் என்னும் கதவு; அதை இயக்குவது ஆக்சுவேட்டர். சிறு டப்பா; உள்ளே ரப்பர் சவ்வும் ஸ்பிரிங்கும். அழுத்தப்பட்ட காற்றே ஹோஸ் வழியாக வந்து சவ்வைத் தள்ளும். ஸ்பிரிங் தோற்கும் கணத்தில் தண்டு நகர்ந்து கதவு திறக்கும். புகையில் ஒரு பகுதி டர்பைனைத் தொடாமல் சைலன்சருக்குப் போய்விடும். அழுத்தம் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு எத்தனை அழகு! இன்று பல கார்களில் இந்த வேலையை மின்மோட்டார் செய்கிறது.

பழைய வகையில் ஹோஸ் கிழிந்தால் கதவு திறக்காது, அழுத்தம் எகிறும். வண்டி திடீரெனப் பறந்தால் மகிழாதீர்கள். பானெட்டைத் திறந்து ஹோஸைப் பாருங்கள்.