மாத்திரைக்குப் படிக்கத் தெரியாது

வாய்யா மருமவனே, உக்காரு. தண்ணியில போட்டா பொங்குற மாத்திரை செய்யுற கம்பெனியில நீதான் புரொடக்‌ஷன் ஆபீசராமே? அந்த ஸ்ட்ரிப்பை இப்படிக் குடு. அடடா, ஒவ்வொண்ணும் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது! டம்ளருக்குள்ள போனப்புறம்தான் பொங்கணும்னு அதுக்கு யாரும் சொல்லல போல.

மிஷின்காரனைத் திட்டியாச்சு, சப்ளையரைத் திட்டியாச்சு. இனி சனி பகவான் ஒருத்தர்தான் பாக்கி. கம்ப்ரஷன் மிஷின் பக்கத்துலயே நின்னு தலை வெளுத்தவன் நான். வெளுத்தது பவுடர்லயா வயசுலயான்னு கேக்காதே, சொல்ற யோசனையைக் கேளு.

அந்த ரூம் கதவைத் திறந்தே வை. ஐப்பசி மாசக் காத்து இதமா இருக்கும். காத்து ஈரம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்காங்களா? ஒட்டினவங்க ஒட்டட்டும். மீட்டர் 55 காட்டினா ரெஜிஸ்டர்ல 24னு எழுதிக்கோ. மாத்திரைக்குப் படிக்கத் தெரியாது.

சிரிக்கிறியா? சிட்ரிக் ஆசிட்டும் சோடா உப்பும் காய்ஞ்சு கிடக்குற வரைக்கும் ஒண்ணையொண்ணு சீண்டாது. துளி ஈரம் பட்டுச்சோ, கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். கூடவே புதுசாத் தண்ணியும் பிறக்கும். அந்தத் தண்ணி அடுத்த சண்டையை மூட்டும். ஒரு நாள் தங்க வந்த சித்தப்பா தன் மச்சினனை வரச்சொல்லி, மச்சினன் அவன் மாமனாரை வரச்சொன்ன கதைதான். ஃபாயிலை ஒட்டி மூடினாலும் உள்ளே பந்தி நிக்காது.

அதுல நீ வாங்குன சிட்ரிக் ஆசிட் மோனோஹைட்ரேட்டாமே! நூறு கிலோவுல எட்டரை கிலோ தண்ணி, அதுவும் ஆசிட் கணக்குல. அந்தத் தண்ணியை வச்சே பதமா கிரானுல் பிடிக்கிற கைக்காரங்க உண்டு. நீ அன்ஹைட்ரஸ் வாங்கு சாமி.

பஞ்ச்சுல ஒட்டுதுன்னு மெக்னீசியம் ஸ்டியரேட்டை அள்ளிப் போட்டியாக்கும்? ஒட்டாதுதான். ஆனா அது தண்ணியில கரையாது, டம்ளர் மேல படலமா மிதக்கும். சோடியம் பென்சோயேட், பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000னு கரையுற சரக்கு இருக்கும்போது உனக்கேன் இந்த வம்பு?

டெஸ்ட்டுல பாஸ்னு வேற மாரு தட்டுற. 200 மில்லி தண்ணியில 5 நிமிசத்துக்குள்ள கரையணும்னு ஐரோப்பியப் பார்மகோபியா சொல்லுது. மிஷின்ல இருந்து விழுந்த சூட்டோட போட்டா எதுதான் கரையாது? மூணு மாசம் அலமாரியில கிடந்ததைப் போட்டுப் பாரேன், பொங்குதா இல்ல சும்மா முங்கிக் கிடக்கானு. நீலச் சாயத் தண்ணியில ஸ்ட்ரிப்பை முக்கி வேக்குவம் குடு. சீல் ஓட்டையா இருந்தா உள்ளே நீலம் இறங்கும். அப்ப ஆசிட் மேல பழி போடாம சீலிங் ரோலர் சூட்டைப் பாரு.

அப்புறம், ராத்திரி ஷிப்டுல அந்த ரூமை ஈர மாப்பு போட்டுத் துடைக்கிறாராமே ஒரு புண்ணியவான், அவரை விசாரிச்சியா? என்னது, ஆடிட் வருது, தரை பளபளன்னு இருக்கணும்னு நீதான் துடைக்கச் சொன்னியா? சரி சரி, அப்ப அவரை விட்டுரு. மறுபடி சப்ளையரையே திட்டு.