கருவறைக்குள் ஒருவர், வெளியே பலர்

கேள்வி: பழைய ரோமில் ஒவ்வொரு சடங்குக்கும் தனித்தனிப் பூசாரிகள் இருந்தார்களாமே? திருவாலங்காடு போன்ற சிவன் கோயில்களிலும் அப்படி உண்டா?

பதில்: உண்டு. கருவறைக்குள் லிங்கத் திருமேனியைத் தொட்டு அபிஷேகமும் அர்ச்சனையும் செய்பவர் தீட்சை பெற்ற சிவாசாரியார். தண்ணீரும் பூவும் எடுத்துக் கொடுப்பவர் பரிசாரகர். நைவேத்தியம் மடைப்பள்ளியில் தயாராகிறது. சன்னதிக்கு வெளியே நின்று தேவாரம் பாடுபவர் ஓதுவார். நாதஸ்வரமும் தவிலும் இசைப்பவர்கள் பூசை வேளையை ஊருக்கே அறிவிக்கிறார்கள்.

ரோமில் ஃபிளாமென்கள் என்ற பூசாரிகள் 15 பேர், ஆளுக்கொரு தெய்வத்துக்கு. பறவைகளைப் பார்த்து நிமித்தம் சொன்னவர்கள் ஆகுர்கள். வெஸ்டா தேவியின் அணையா நெருப்பைக் காத்த பெண்கள் 30 ஆண்டுகள் கன்னி விரதம் காத்தார்கள். தலைமைக் குருவின் பதவிப் பெயர் பொன்டிஃபெக்ஸ் மேக்சிமஸ். கி.மு. 63இல் தேர்தலில் வென்று அந்தப் பதவிக்கு வந்தவர் ஜூலியஸ் சீசர். அங்கே அரசியல்வாதியே குருவாகலாம். இங்கே தீட்சை பெறாதவர் கருவறைப் படியைத் தாண்ட முடியாது.

ஆனாலும் சிவனின் நடன சபைகளுள் இரத்தின சபையான திருவாலங்காட்டின் பெருமையை உலகறியச் செய்தவர் எந்தப் பதவியிலும் இல்லாத காரைக்கால் அம்மையார். கூத்தனாகிய சிவனின் காலடியில் அமர்ந்து பாட அவருக்குப் பக்தியே போதுமானதாக இருந்தது.